வைட்டமின் டி குறைந்ததால்தான் அப்பாவை இழந்தோமா?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 69. இருபது வருடமாகச் சர்க்கரை நோய். முழங்கால் வலியால் கடைசி ஒரு வருடம் வீட்டைவிட்டு வெளியே போகவே இல்லை. சிறுநீர்த் தொற்று வந்து இரண்டு நாள் காய்ச்சல், குளிர் நடுக்கம். மூன்றாம் நாள் காலையில் சம்பந்தமில்லாமல் பேசினார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். செப்சிஸ், அதாவது தொற்றால் உறுப்புகளே செயலிழக்கத் தொடங்கும் நிலை என்றார்கள். பதினோரு நாள் ஐசியுவில் இருந்தார். வென்டிலேட்டர், டயாலிசிஸ் எல்லாம் வைத்தும் காப்பாற்ற முடியவில்லை. பிறகு ஃபைலைப் புரட்டியபோது வைட்டமின் டி 8 என்று ஒரு ரிப்போர்ட் இருந்தது. 'வைட்டமின் டி குறைந்தவர்கள்தான் செப்சிஸில் அதிகம் இறக்கிறார்கள், ஆராய்ச்சியே இருக்கிறது, முன்பே மாத்திரை கொடுத்திருந்தால் பிழைத்திருப்பார்' என்கிறார் உறவினர் ஒருவர். ஐசியுவிலும் வைட்டமின் டி கொடுக்கவில்லை. அது தவறா? அம்மாவுக்கு (வயது 64, சர்க்கரை ஆரம்பித்திருக்கிறது) இப்போது பார்த்ததில் 14 இருக்கிறது. 6 லட்சம் யூனிட் ஊசி ஒன்று போட்டுவிடலாமா? ரிப்போர்ட்டுகளின் நகல் இணைத்திருக்கிறேன்.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் அப்பாவின் மறைவுக்கு வைட்டமின் டி குறைவைக் காரணமாகச் சொல்ல முடியாது. ஐசியுவில் அதைக் கொடுக்காமல் விட்டதும் தவறில்லை. இந்த இரண்டையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கடிதத்தில் நீங்கள் கேட்டிருப்பது மருத்துவக் கேள்வி மட்டுமில்லை என்று எனக்குப் புரிகிறது. ஐசியு வாசலில் நிற்கும் குடும்பங்களோடு தினமும் பேசுகிறவன் நான். ஒருவர் போன பிறகு ஃபைலில் சிவப்பு மையில் தெரியும் ஏதோ ஓர் எண்ணைப் பிடித்துக்கொண்டு மாதக்கணக்கில் தூங்காமல் இருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். உங்களுக்கு அந்த எண் 8 (மில்லிலிட்டருக்கு இத்தனை நானோகிராம் என்ற கணக்கு, 20-க்குக் கீழே போனால் குறைவு).

உங்கள் உறவினர் சொன்ன ஆராய்ச்சி உண்மைதான். ஐசியுவுக்கு வருகிறவர்களில் வைட்டமின் டி குறைவாக இருப்பவர்களுக்குத் தொற்றும் செப்சிஸும் அதிகம், இறப்பும் அதிகம் என்று பல நாடுகளில் செய்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. உடலியலும் அதற்கு இடம் கொடுக்கிறது. கிருமிகளை விழுங்கும் வெள்ளணுக்கள், இரத்தத்தில் இருக்கும் வைட்டமின் டியை எடுத்துத் தமக்குள்ளேயே செயல்படும் வடிவமாக மாற்றிக்கொள்கின்றன. அதைக் கொண்டு கேத்தலிசிடின் என்ற கிருமிக்கொல்லிப் புரதத்தைத் தயாரிக்கின்றன. 2006-ல் இது வெளிவந்தபோது எங்கள் துறையில் பலருக்கும் பெரிய நம்பிக்கை. மலிவான ஒரு வைட்டமினால் செப்சிஸ் நோயாளிகளைக் காப்பாற்றிவிடலாம் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது?

ஆனால் இரண்டு விஷயங்கள் ஒன்றாக இருப்பதை வைத்து ஒன்றால்தான் மற்றது வந்தது என்று சொல்லிவிட முடியாது. யாருக்கெல்லாம் வைட்டமின் டி குறைகிறது என்று பாருங்கள். வயதானவர்கள், வெயில் படாமல் வீட்டுக்குள்ளேயே இருப்பவர்கள், உடல் பருமன் உள்ளவர்கள், சிறுநீரகமோ கல்லீரலோ பழுதானவர்கள், சரியாகச் சாப்பிட முடியாதவர்கள். செப்சிஸ் வந்தால் தாக்குப்பிடிக்க முடியாமல் போவதும் பெரும்பாலும் இதே ஆட்கள்தான். அப்பா ஒரு வருடம் வெளியே போகவில்லை என்கிறீர்கள். அவருடைய வைட்டமின் டியைக் குறைத்ததும் உடல் வலுவைக் குறைத்ததும் அந்த முடங்கல்தான்.

இப்போது நீங்கள் அனுப்பிய ரிப்போர்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். வைட்டமின் டி 8 என்ற அந்தத் தாளின் மேலே இரத்தம் எடுத்த தேதி இருக்கிறது. அது ஐசியுவில் சேர்த்த மூன்றாம் நாள். அதற்குள் அப்பாவுக்கு நரம்பு வழியாக லிட்டர் கணக்கில் சலைன் ஏறியிருக்கிறது. அதே நாளின் இன்னொரு தாளில் ஆல்புமின் என்ற இரத்தப் புரதம் 2.1, கால்சியம் 7.6, இரண்டுமே குறைவு. மூன்றையும் சேர்த்துப் படித்தால்தான் கதை புரியும்.

செப்சிஸில் நுண்ணிய இரத்தக்குழாய்களின் சுவர் கசியத் தொடங்கிவிடும். இரத்தத்தில் இருக்க வேண்டிய புரதங்கள் திசுக்களுக்குள் ஒழுகிப்போகும். கல்லீரலும் அவசரகாலப் புரதங்களைத் தயாரிப்பதில் இறங்கி, ஆல்புமின் போன்றவற்றின் உற்பத்தியைக் குறைத்துவிடும். இரத்தத்தில் வைட்டமின் டியைச் சுமந்து போவது தனியான ஒரு புரதம், கொஞ்சம் ஆல்புமினும் சுமக்கும். சுமக்கும் புரதம் குறைந்தால் பரிசோதனையில் தெரியும் வைட்டமின் டி அளவும் இறங்கும். ஏற்றிய சலைன் மிச்சத்தை நீர்க்கச் செய்துவிடும். முழங்கால் மூட்டு மாற்று அறுவைக்குத் திட்டமிட்டு வந்த நல்ல ஆரோக்கியமானவர்களிடம்கூட அறுவைக்கு அடுத்த சில நாட்களில் வைட்டமின் டி அளவு கணிசமாகக் குறைந்ததை அளந்து பார்த்திருக்கிறார்கள். அவர்கள் யாரும் அந்தச் சில நாட்களில் வெயிலையோ சாப்பாட்டையோ இழக்கவில்லை. உடலில் ஏற்பட்ட அழற்சி அந்த எண்ணைக் கீழே தள்ளியது, அவ்வளவுதான்.

அப்பாவின் கால்சியத்தையே பாருங்கள். 7.6 என்பது பார்க்கப் பயமாக இருக்கும். ஆல்புமின் குறைவை ஈடுகட்டிக் கணக்குப் போட்டால் அது 9-ஐத் தாண்டிவிடும், அதாவது சாதாரண அளவு. (ஐசியுவில் இந்தக் கணக்கை முழுதாக நம்ப மாட்டோம், புரதத்தோடு ஒட்டாமல் இரத்தத்தில் இருக்கும் அயனிக் கால்சியத்தைத் தனியே பார்ப்போம். அப்பாவுக்குப் பார்த்திருக்கிறார்கள், சரியாகத்தான் இருந்திருக்கிறது.) வைட்டமின் டிக்கு இப்படி எளிதாக ஈடுகட்டிப் பார்க்கும் கணக்கு கிடையாது. ஆகவே அந்த 8, நோய் வருவதற்கு முன்பு அவர் உடலில் எவ்வளவு இருந்தது என்பதைக் காட்டும் எண் அல்ல. அவர் எவ்வளவு கடுமையாக நோயுற்றிருந்தார் என்பதும் அதற்குள் கலந்திருக்கிறது. நோய் வருவதற்கு முன்பும் அவருக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் இருந்திருக்கும், அதை நான் மறுக்கவில்லை.

சரி, காரணம் எதுவாகவும் இருக்கட்டும், குறைந்ததை நிரப்பிவிட்டால் பிழைப்பார்களா? இதற்கு விடை தெரிய வேண்டுமென்றால் நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு வைட்டமின் டியும் மறு பாதிக்குப் பார்க்க அதே போலிருந்தாலும் உள்ளே மருந்தே இல்லாத போலி மருந்தும் கொடுத்துப் பார்க்க வேண்டும். பார்த்துவிட்டார்கள். பெரிய அளவில் நடந்த இரண்டைச் சொல்கிறேன்.

முதலாவது, ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் நடந்து 2014-ல் வெளியான விட்டால் ஐசியு ஆய்வு. வைட்டமின் டி 20-க்குக் கீழே இருந்த 475 ஐசியு நோயாளிகள். கொடுத்தது 5,40,000 யூனிட், அப்புறம் மாதம் 90,000 வீதம் ஐந்து மாதம். முக்கியமாகப் பார்க்க நினைத்தது ஆஸ்பத்திரியில் தங்கும் நாட்கள் குறைகிறதா என்பதை. குறையவில்லை. ஆஸ்பத்திரியில் இறந்தவர்கள் 28.3 சதவீதம், போலி மருந்துக் குழுவில் 35.3 சதவீதம். அந்த வித்தியாசம் தற்செயலாகவும் வந்திருக்கக்கூடிய அளவுதான். ஆனால் அளவு 12-ம் அதற்குக் கீழும் இருந்த 200 பேரை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தபோது, இறந்தவர்கள் வைட்டமின் டி கொடுத்த குழுவில் 28.6 சதவீதம், போலி மருந்துக் குழுவில் 46.1. உங்கள் உறவினரைப் போன்றவர்கள் மேற்கோள் காட்டுவது பெரும்பாலும் இந்த எண்ணைத்தான். எனக்கும் அன்று அது நம்பிக்கை தந்தது. ஆனால் மொத்தக் குழுவில் உறுதியாகத் தெரியாத ஒன்று அதிலிருந்து பிரித்த சிறு குழுவில் தெரிந்தால், அதை ஒரு துப்பாக எடுத்துக்கொண்டு மறுபடி சோதிக்க வேண்டும். தீர்ப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

மறுபடி சோதித்தார்கள். அமெரிக்காவில் நடந்த வயலட் ஆய்வு, 2019-ல் வெளிவந்தது. உங்கள் கேள்விக்கு மிக நெருக்கமானது இதுதான். செப்சிஸ், நிமோனியா, இரத்த அழுத்தம் சரிந்துபோகும் அதிர்ச்சி நிலை போன்றவற்றோடு ஐசியுவுக்குப் போகவிருந்தவர்களை ஆரம்பத்திலேயே பிடித்து, அதே 5,40,000 யூனிட்டை ஒரே வேளையாகக் கொடுத்தார்கள். குறைபாடு உறுதியானவர்கள் 1,078 பேர். மருந்து உடலில் சேரவில்லையோ என்ற சந்தேகத்துக்கும் இடமில்லை. மூன்றாம் நாள் அளவு, கொடுத்த குழுவில் சராசரியாக 46.9, கொடுக்காத குழுவில் 11.4. குறைபாடு காணாமலே போய்விட்டது. ஆனால் 90 நாளில் இறந்தவர்கள்? கொடுத்த குழுவில் 23.5 சதவீதம், கொடுக்காத குழுவில் 20.6. பலன் கிடைக்க வாய்ப்பில்லை என்று தெரிந்ததும் ஆய்வைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். மிகவும் குறைவாக இருந்தவர்களுக்காவது உதவியதா என்றும் பார்த்தார்கள். அங்கேயும் உதவவில்லை.

உங்கள் அப்பாவுக்கு இதை வைத்துத்தான் சொல்கிறேன். அன்று வைட்டமின் டி கொடுத்திருந்தால் அடுத்த ரிப்போர்ட்டில் 8 என்பது 40 ஆகியிருக்கலாம். அதனால் அவர் பிழைத்திருப்பார் என்று சொல்வதற்கு இந்த ஆய்வுகளில் ஆதாரம் இல்லை.

'சும்மா ஒரு வைட்டமின்தானே, கொடுத்துப் பார்த்தால் என்ன நஷ்டம்' என்று கேட்கத் தோன்றும். செப்சிஸில் வைட்டமின் சியைப் பற்றியும் ஒரு காலத்தில் இதே பேச்சுதான் இருந்தது. 872 பேரிடம் நரம்பு வழியாக அதிக அளவில் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2022-ல் வந்தது. 28 நாளில் இறந்தவர்களும் உறுப்புகள் இன்னும் மீளாமல் இருந்தவர்களும் சேர்ந்து, கொடுத்த குழுவில் 44.5 சதவீதம், கொடுக்காத குழுவில் 38.5. உதவவில்லை என்பதோடு நிலைமையைக் கொஞ்சம் மோசமாக்கியது. வைட்டமின் என்ற பெயர் இருப்பதாலேயே ஒன்று பாதுகாப்பானது ஆகிவிடாது. உடல் நிலைகுலைந்து கிடக்கும் ஒருவரிடம் எதைச் செலுத்தினாலும் அது மருந்துதான்.

'முன்பே, நன்றாக இருந்த காலத்திலேயே கொடுத்திருந்தால்?' இதுதான் உங்களை அதிகம் வாட்டுகிறது என்று நினைக்கிறேன். செப்சிஸ் வராமல் தடுக்க இதைத் தினமும் கொடுக்கலாம் என்பதற்கும் உறுதியான ஆதாரம் கிடையாது. சளி, இருமல், நிமோனியா போன்ற சுவாசத் தொற்றுகளைப் பற்றி 2017-ல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, தினமும் அல்லது வாரம் ஒருமுறை சிறு அளவில் எடுத்தவர்களுக்குச் சிறிது பலன் தெரிந்தது, குறைபாடு அதிகம் உள்ளவர்களுக்குக் கூடுதலாக. பிறகு புதிய ஆய்வுகள் சேரச் சேர அந்தப் பலன் சுருங்கிக்கொண்டே வந்து இப்போது உறுதியாகச் சொல்ல முடியாத இடத்தில் நிற்கிறது. ஆஸ்திரேலியாவில் 60 வயது தாண்டிய 21,000-க்கும் மேற்பட்டவர்களில் ஒரு பாதிக்கு மாதம் 60,000 யூனிட் வீதம் ஐந்து வருடம் கொடுத்துப் பார்த்தார்கள். இறப்பு குறையவில்லை. இதையெல்லாம் பார்த்த பிறகு, நீங்கள் ஒரு மாத்திரை டப்பாவை வாங்கித் தராததால் அப்பா போய்விட்டார் என்று உங்களிடம் யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

கடிதத்தில் நீங்கள் நேரடியாகக் கேட்காத ஒன்று இருக்கிறது. இரண்டு நாள் வீட்டிலேயே வைத்திருந்தது. அதற்கும் மழுப்பாமல் பதில் சொல்கிறேன். செப்சிஸில் நேரம் முக்கியம். நியூயார்க் மாநிலத்தில் சுமார் 49,000 நோயாளிகளை வைத்து 2017-ல் வெளியான ஆய்வில், முதல்கட்ட சிகிச்சை முடிய ஒவ்வொரு மணி நேரம் தாமதமாகும்போதும் இறப்புக்கான வாய்ப்பு சுமார் 4 சதவீதம் கூடியது. அதுவும் கவனித்துப் பார்த்த ஆய்வுதான், குலுக்கல் சோதனை இல்லை. ஆனாலும் கிருமி பெருகிக்கொண்டே போகும் நோயில் இதை யாரும் அலட்சியம் செய்வதில்லை. ஆனால் அந்தக் கணக்கு ஆஸ்பத்திரி வாசலை மிதித்த பிறகு ஓடும் கடிகாரத்தைப் பற்றியது. காய்ச்சலும் நடுக்கமும் வந்தால் மாத்திரை கொடுத்து ஒன்றிரண்டு நாள் பார்ப்பதுதான் எல்லா வீட்டிலும் நடப்பது, பெரும்பாலான காய்ச்சல் அதில் சரியாகியும் விடுகிறது. அப்பாவின் பேச்சு மாறியதும் அன்று காலையே கிளம்பிவிட்டீர்கள். ஃபைலின் முதல் பக்கத்தில், உள்ளே வந்த நாற்பதாவது நிமிடத்தில் ஆன்டிபயாடிக் ஏறியதாக நர்ஸின் குறிப்பு இருக்கிறது. எந்தக் கிருமி என்று கண்டுபிடிக்கும் இரத்த கல்ச்சர் பரிசோதனைக்கு அதற்கு முன்பே இரத்தம் எடுத்துவிட்டார்கள். சலைன், இரத்த அழுத்தத்தைத் தூக்கிப் பிடிக்கும் நார்அட்ரினலின், திசுக்களுக்கு ஆக்ஸிஜன் போதுமா என்று காட்டும் லேக்டேட் பரிசோதனை என்று வரிசை சரியாகப் போயிருக்கிறது. செய்ய வேண்டியதைச் செய்திருக்கிறார்கள். உலகம் முழுக்க 2017-ல் மட்டும் சுமார் 4 கோடியே 89 லட்சம் பேருக்குச் செப்சிஸ் வந்து 1 கோடியே 10 லட்சம் பேர் இறந்ததாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். எல்லாம் சரியாக நடந்தும் தோற்றுப்போகிற நோய் இது. நீண்ட நாள் சர்க்கரையும், வந்த அன்றே பழுதாகியிருந்த சிறுநீரகமும் அப்பாவுக்கு எதிராக இருந்தன.

இனி அம்மா. அவர் நன்றாக இருக்கும்போது எடுத்த இரத்தத்தில் 14. அழற்சி குழப்பாத எண் இது, ஆகவே நம்பலாம். 20-க்குக் கீழே இருப்பதால் சரிசெய்வது நல்லது. அது எலும்புக்காகவும் தசைக்காகவும். செப்சிஸைத் தடுக்கும் கவசமாக நினைத்துக் கொடுக்க வேண்டாம்.

6 லட்சம் யூனிட் ஊசி வேண்டவே வேண்டாம். ஆஸ்திரேலியாவில் 70 வயதுக்கு மேற்பட்ட 2,256 பெண்களில் ஒரு பாதிக்கு வருடம் ஒருமுறை 5 லட்சம் யூனிட்டை ஒரே வேளையாகக் கொடுத்தார்கள். எலும்பு முறிவைத் தடுக்கத்தான் கொடுத்தது. கொடுத்தவர்கள்தான் அதிகம் விழுந்தார்கள், அவர்களுக்குத்தான் எலும்பும் அதிகம் முறிந்தது. மொத்தமாக ஒரே நாளில் கொட்டுவதை உடல் விரும்புவதில்லை. தினமும் 1,000 அல்லது 2,000 யூனிட் மாத்திரை அம்மாவுக்குப் போதும், சாப்பாட்டோடு சேர்த்து. சீக்கிரம் உயர்த்த வேண்டும் என்று அவருடைய டாக்டர் நினைத்தால் வாரம் ஒரு மாத்திரை வீதம் எட்டு வாரம் எழுதித் தரலாம். அது அவர் கண்காணிப்பில் நடக்கட்டும். வாரத்துக்குரிய மாத்திரையைத் தினமும் போட்டுக்கொண்டு வாந்தி, மலச்சிக்கல், அடங்காத தாகம், குழப்பம் என்று கால்சியம் ஏறிய நிலையில் எங்களிடம் வந்து சேர்கிறவர்கள் இருக்கிறார்கள். சிறுநீரகமும் சேர்ந்து கெட்டுப்போயிருக்கும். உறையில் எழுதியிருப்பதை அம்மாவுக்கு ஒருமுறை படித்துக் காட்டிவிடுங்கள். சிறுநீரகக் கல், காசநோய், இதயத்துக்கு டிகாக்ஸின், பிரஷருக்கு நீர் மாத்திரை, இவற்றில் எது இருந்தாலும் ஆரம்பிப்பதற்கு முன்பே டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

செப்சிஸிலிருந்து அம்மாவைக் காக்க நினைக்கிறீர்கள் என்றால் உங்கள் கவலையை வேறு பக்கம் திருப்பிவிடுகிறேன். அவருக்கும் சர்க்கரை ஆரம்பித்திருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அதைக் கட்டுக்குள் வையுங்கள். நிமோனியாவைத் தடுக்கும் நிமோகாக்கஸ் தடுப்பூசியும் வருடாந்திர ஃப்ளூ தடுப்பூசியும் போடுங்கள். பாதத்தில் சின்னக் கொப்புளம் வந்தாலும் காட்டச் சொல்லுங்கள். சிறுநீர் எரிச்சல் வந்தால் தண்ணீர் குடித்தே சரிசெய்துகொள்ளலாம் என்று நாளைத் தள்ள வேண்டாம்.

தொற்று வந்துவிட்டால் எப்போது ஓட வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பேச்சில் குழப்பம், எழுப்பினாலும் மீண்டும் தூக்கத்துக்குள் போவது. மூச்சு வேகமாவது, நிமிடத்துக்கு 22-ஐத் தாண்டினால் கவனியுங்கள், கடிகாரத்தை வைத்து எண்ணலாம். மேல் பிரஷர் 100-க்குக் கீழே இறங்குவது. அரை நாளாகச் சிறுநீரே போகாதது. கை கால் சில்லிட்டுத் தோலில் திட்டுத் திட்டாக நிறம் மாறுவது. வயதானவர்களுக்குக் காய்ச்சலே இல்லாமலும் செப்சிஸ் வரும், உடல் வழக்கத்தைவிடக் குளிர்ந்துகூட இருக்கும். இதில் ஒன்று தெரிந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் கிளம்புங்கள். அங்கே போனதும் 'இது செப்சிஸாக இருக்குமா டாக்டர்?' என்று வாயைத் திறந்து கேளுங்கள். நேற்றுவரை எப்படிப் பேசினார், இன்று எப்படிப் பேசுகிறார் என்பதை எங்களுக்குச் சொல்லத் தெரிந்தவர்கள் வீட்டில் இருப்பவர்கள்தான். முதன்முறை பார்க்கும் டாக்டருக்கு அது தெரியாது.

மாத்திரை ஆரம்பித்த மூன்றாம் மாதம் அம்மாவுக்கு வைட்டமின் டியை மறுபடி பார்த்துக்கொள்ளலாம். கால்சியம், சிறுநீரக வேலையைக் காட்டும் கிரியாட்டினின் இரண்டையும் மட்டும் இப்போதே ஒருமுறை பார்த்துவிட்டு, அந்த ரிப்போர்ட்டோடு அவருடைய டாக்டரைப் பாருங்கள்.